கைத்தொழிற் பக்கம்: மரை போன துளை



சென்ற இதழில் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் இடும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த சகோதரி ஒருவர், "இயந்திரத்தின் திருகாணி ஒன்று எவ்வளவு முடுக்கினாலும் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதற்கு என்ன வழி?" என்று கேட்டிருந்தார். இதற்குப் புத்தகத்தைப் பார்த்து விடை எழுதலாம் என்றிருந்தேன். அதற்குள் எனக்கே அந்த அனுபவம் வாய்த்துவிட்டது. என் அவசரத்தால் நானே தேடிக்கொண்ட அனுபவம் அது. ஆகையால் இம்மாதம் அதனையே எழுதுகிறேன்.

ஒருவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டால், "அவனுக்கு மரை கழன்றுவிட்டது" என்று நம்மவர் கேலி பேசுவது உண்டு. மரை கழன்ற திருகாணியைக் கண்டவர்களுக்கே அந்தப் பேச்சின் பொருத்தம் விளங்கும். ஆணி சுற்றும்; கைக்கு ஏதோ வேலை நடப்பது போலவே இருக்கும்; ஆனால் ஒன்றையும் பற்றாது. என் தந்தையாரின் மோட்டார் வண்டியின் அடியில் மல்லாந்து கிடந்தபடி, அப்படிப்பட்ட ஆணி ஒன்றை நான் கால்மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வண்டியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அது 1969 ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் உருவானது. இங்கிலாந்தில் 1959 ஆம் ஆண்டு டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த வண்டியே, 1961 முதல் நம் நாட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்யப்பட்டது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலிய நாட்டுக் கலைஞர் ஜியோவன்னி மிக்கலாட்டி. இங்கிலாந்தில் அதற்கு இரண்டே கதவுகள். நான்கு கதவுகள் வைத்துச் செய்தது நம் நாட்டில் மட்டுமே. மூக்கு முதல் கண்ணாடி வரை முன்பகுதி முழுவதும் ஒரே மூடியாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். அந்தத் தொழிற்சாலை 1980களின் இறுதியில் வண்டி செய்வதை நிறுத்திவிட்டது. இன்று அதற்கு உதிரிப் பாகம் வேண்டுமானால் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய இரும்புக் குவியலைக் கிளற வேண்டும். அல்லது கடல் கடந்து வரவழைக்க வேண்டும்.

ஹெரால்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. மற்ற வண்டிகளின் கூடு பெரும்பாலும் ஒரே உடலாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். இதன் கூடோ, தனித்தனிப் பகுதிகளாகச் செய்யப்பட்டு, அடியில் உள்ள சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டது. அந்தக் கம்பெனிக்குக் கூடு செய்து கொடுத்துவந்த பெரிய ஆலையை 1953 ஆம் ஆண்டு போட்டிக் கம்பெனி வாங்கிக்கொண்டதாம். அதனால், சிறு ஆலைகள் பலவற்றில் பகுதி பகுதியாகச் செய்து பூட்டும்படி வண்டியை அமைத்தார்கள். ஆகவே இந்த வண்டியின் உயிர் அதன் திருகாணிகளில் இருக்கிறது என்றால் மிகையாகாது. ஓர் ஆணி தளர்ந்தால் ஒரு கதவு தாழும். இரண்டு தளர்ந்தால் வண்டி முழுவதும் பேசத் தொடங்கும்.

என் தந்தையார் திருச்சிப் பொன்மலையிலிருந்து இளமையிலேயே மைசூருக்கு வந்து, அசோகபுரத்து ரயில்வே பணிமனையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டுகளுக்கு முன், ஓடாமல் கிடந்த அந்த வண்டியை மலிவாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வோர் ஆணியாகக் கழற்றி மாட்டி ஓடவைத்தார். நான் மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, பின்பு தேர்வெழுதி எழுத்தர் ஆனவன். எனக்குப் பேனா பழகிய அளவுக்கு ஸ்பேனர் பழகவில்லை. தந்தையாருக்கோ இப்போது கிளாக்கோமா நோயால் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது தெரியும், அவ்வளவுதான்.

நிற்க. இரண்டு மாதங்களில் நாங்கள் வேறு வீட்டுக்குக் குடிபோக வேண்டியிருக்கிறது. அது மாடி வீடு. வண்டியை நிறுத்த இடமில்லை. பழைய வண்டிகளின் பதிவை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணமும் ஏறிவிட்டது. ஆகவே விற்றுவிடுவது என்று வீட்டில் முடிவாயிற்று. தந்தையாரும் மறுக்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கன்னட இளைஞர் ஒருவர், பழைய வண்டிகளில் பற்றுடையவர், வந்து பார்த்து விலை பேசி, அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிச் சென்றார்.

வண்டியின் அடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினின் அடித்தொட்டியை நம் மெக்கானிக்குகள் சம்ப் என்பார்கள். அதனைக் கழற்றிப் புதிய பேக்கிங் வைத்து மாட்டிவிடலாம் என்று நானே துணிந்தேன். மாட்டும்போது முன்பக்கத் திருகாணி ஒன்றைக் காணவில்லை. பெட்டியில் தேடினேன். அதே பருமனில் ஒன்று கிடைத்தது. அதன் தலைக்கு அதே ஸ்பேனர் பொருந்தியது. விரலால் இரண்டு சுற்றுப் போயிற்று, பிறகு இறுகியது. அழுக்கு இருக்கும் என்று எண்ணி ஸ்பேனரால் முடுக்கினேன். சிறிது தூரம் கடுமையாகப் போய், பிறகு திடீரென்று வெண்ணெயில் விட்டாற்போல் இளகியது. ஆணியை வெளியே எடுத்துப் பார்த்தேன். அதன் பள்ளங்களில் அலுமினியச் சுருள்கள் வெள்ளிக் கம்பிபோல் சுற்றிக்கொண்டு வந்திருந்தன. துளையின் மரை முழுவதும் என் கையோடு வந்துவிட்டது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த தந்தையார் கேட்டார்:

"தம்பி, எத்தனை சுத்துல இறுகிச்சு?"

"ரெண்டு சுத்துலப்பா."

"ரெண்டு சுத்துல இறுகினா அது அந்தத் துளையோட ஆணி இல்லேன்னு அர்த்தம். அங்கேயே நிறுத்தியிருக்கணும்."

அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நான் செய்த தவறு யாரும் எளிதில் செய்யக்கூடியது. ஆதலால் அதனைச் சிறிது விளக்குகிறேன். திருகாணிக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று பருமன், மற்றொன்று மரையின் நெருக்கம். நாம் பருமனை மட்டும் பார்த்து ஏமாறுகிறோம். ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பம்போல் மரை வெட்டியது. ஒரு பட்டறை ஆணி மற்றொரு பட்டறை நட்டில் ஏறாது. 1841 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர், இன்ன பருமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை, மரையின் கோணம் 55 பாகை என்று ஒழுங்கு செய்யும் திட்டத்தை வெளியிட்டார். 1864 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் 60 பாகைக் கோணத்தில் வேறோர் ஒழுங்கை முன்வைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஒரே அணியில் நின்ற இவ்விரு நாடுகளின் ஆணிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் பெருந்தொல்லை விளைந்தது. அதன் பயனாக 1948 ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளும் பொதுவான அங்குல மரை ஒன்றை ஏற்றன. ஹெரால்டு அதற்குப் பின் பிறந்த வண்டி. அதன் ஆணிகள் அந்தப் பொது மரையைச் சேர்ந்தவை.

நம் நாட்டிலோ 1956 ஆம் ஆண்டு எடை அளவுச் சட்டத்துக்குப் பின் மெட்ரிக் முறை படிப்படியாக வந்துவிட்டது. இத்தாலிய மரபில் பம்பாயில் செய்யப்பட்ட பியட் வண்டியும் மில்லிமீட்டர்க் கணக்கிலேயே அமைந்தது. இன்று கடையில் ஆணி கேட்டால் மில்லிமீட்டர் ஆணிதான் கைக்கு வருகிறது. என் வண்டியின் சம்பை இறுக்கும் ஆணி 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். நான் எடுத்த ஆணி 8 மில்லிமீட்டர். கண்ணுக்கு வேறுபாடு தெரியவே தெரியாது. தலையும் அப்படியே: ஒன்று அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர், மற்றொன்று 13 மில்லிமீட்டர். ஸ்பேனரும் ஏமாந்துபோகும். ஆனால் 5/16 அங்குல ஆணியில், அகன்ற மரை என்றால் அங்குலத்துக்கு 18. நெருங்கிய மரை என்றால் 24. எட்டு மில்லிமீட்டர்ச் சாதாரண ஆணியிலோ அங்குலத்துக்கு ஏறக்குறைய 20. ஆகவே அது இரண்டில் எதனோடும் சேராது. முதலிரண்டு சுற்றுகள் இடுக்கில் நுழையும். பிறகு ஒரு மரை மற்றொரு மரையின்மேல் ஏறி அறுத்துவிடும். எஃகு ஆணியும் அலுமினியத் துளையும் மோதினால் யார் தோற்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதனை அறிய எளிய கருவி ஒன்று உண்டு. சிறு கத்திபோல் பல இதழ்கள் மடிந்திருக்கும் மரை அளவி. பட்டறையில் பிட்ச் கேஜ் என்பார்கள். பற்கள் வெட்டிய இதழை ஆணியின்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், இடைவெளி இன்றி எது படிகிறதோ அதுவே அந்த ஆணியின் கணக்கு. கருவி இல்லாதவர்கள், சரியென்று தெரிந்த ஆணி ஒன்றை மற்றதன் பக்கத்தில் மரையோடு மரை சேர்த்துப் பிடித்துப் பார்க்கலாம். பொருந்தாவிட்டால் நான்கு மரைக்குள் தெரிந்துவிடும். இந்த ஒரு நிமிட வேலையை நான் செய்திருந்தால் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது.

அன்று மாலை தெரிந்த ஒருவரிடம் யோசனை கேட்டேன். "கடையில் எபாக்ஸிப் பசை கிடைக்கிறது. துளையில் அப்பி, ஆணியை அதிலேயே நட்டுவிடுங்கள். ஒரு மாதம் சொட்டாது. வண்டியை விற்கத்தானே போகிறீர்கள்?" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த யோசனை இனித்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தன. பணம் வேண்டியிருந்தது. பசை வாங்கிக்கொண்டே வீடு வந்தேன். அதனை மேசையில் வைத்த ஓசையைக் கேட்டதுமே தந்தையார், "என்ன வாங்கியாந்தே?" என்றார். அவரிடம் பொய் சொல்ல வரவில்லை. சொன்னேன்.

"வண்டிய விக்கிறது உன் இஷ்டம், தம்பி. ஆனா கெட்டத மூடி விக்காதே. அந்தப் பையன் நெடுஞ்சாலையில போறப்ப அந்த ஆணி விட்டுதுன்னா, எண்ணெய் எல்லாம் போயி எஞ்சின் பிடிச்சுக்கும். ரயிலுக்கு அடியில வேலை செஞ்சவன் நான். மேல போறவன் யாருன்னு நமக்குத் தெரியாது; ஆனா அவன் நம்ம நம்பித்தான் உக்காந்திருக்கான்."

அன்றிரவு நான் சரியாக உறங்கவில்லை. மறுநாள் காலை, "எப்படிச் சரி செய்யறதுன்னு சொல்லுங்கப்பா, நான் செய்யறேன்" என்றேன். அவர் கண், என் கை என்று வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல வந்தேன். அது பொருந்தாத பேச்சு என்று நிறுத்திக்கொண்டேன். அவரோ சிரித்துக்கொண்டே, "காதும் விரலும் இருக்கே" என்றார்.

மரை போன துளையைச் சீராக்கும் வழிகளை அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன்.

முதல் வழி, துளையை நன்றாகப் பார்ப்பது. மரை முழுவதும் போயிற்றா, அல்லது வாயில் மட்டும் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வாய் மட்டும் கெட்டிருந்தால், அதே அளவு டேப்பை எண்ணெய் தொட்டுக் கையால் மெல்ல ஓட்டினால் பழைய மரை நிமிர்ந்துவிடும். டேப் என்பது துளைக்குள் மரை வெட்டும் கருவி. துளை ஆழமாக இருந்து, பழைய ஆணி அடிவரை எட்டாமல் இருந்திருந்தால், சற்று நீளமான ஆணி உள்ளே கெடாமல் இருக்கும் மரையைப் பற்றிக்கொள்ளும். ஆனால் அடியில் முட்டும் அளவுக்கு நீளம் கூடாது.

இரண்டாம் வழி, துளையைப் பெரிதாக்கி, அடுத்த பருமனில் மரை வெட்டி, பெரிய ஆணி போடுவது. இது எளிது, பலரும் செய்வது. ஆனால் சுற்றிலும் போதிய உலோகம் இருக்க வேண்டும். மேலே பொருந்தும் பாகத்தின் துளையையும் பெரிதாக்க நேரும். ஒருமுறை பெரிதாக்கியது மறுமுறையும் கெட்டால் பிறகு வழியில்லை. பழைய வண்டியில் ஓர் ஆணி மட்டும் வேறு ஸ்பேனருக்கு நிற்பது அடுத்தவருக்கும் தொல்லை.

மூன்றாம் வழி, துளைக்குள் புதிய மரையைப் பதிப்பது. ஹெலிகாயில் என்று கேட்டால் கடைக்காரர்களுக்குத் தெரியும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சுருள்வில்லாகச் சுற்றிய சிறு பொருள் அது. கம்பியின் வெளிப்புறமும் உட்புறமும் மரை வடிவாகவே இருக்கும். கெட்ட மரையை டிரில்லால் நீக்கி, அதற்கென்றே உள்ள டேப்பால் சற்றுப் பெரிய மரை வெட்டி, இச்சுருளைத் திருகி இறக்கினால், உள்ளே மீண்டும் பழைய அளவு மரையே கிடைக்கும். பழைய ஆணியையே போடலாம். அலுமினியத்தில் எஃகு மரை அமைவதால் முன்னிலும் உறுதி. தந்தையார் தேர்ந்தது இதுவே.

நான்காம் வழி, துளையைப் பற்றவைத்து அடைத்துப் புதிதாகத் துளைப்பது. அலுமினியத்தைப் பற்றவைப்பது தேர்ந்த கைக்கே உரியது. சூட்டில் பாகம் கோணிக்கொள்ளவும் கூடும். பெட்ரோல் தொட்டியின் அருகில் இதனை நினைக்கவே கூடாது.

மெல்லிய தகட்டுக்கு இவ்வழிகள் எவையும் ஆகா. தகட்டில் மரை நிற்கக் கனம் போதாது. கதவு உறை, விளக்கு, தரை விரிப்பு ஆகியவற்றைப் பிடிக்கும் தகட்டு ஆணிகள் அதிர்ச்சியாலும் துருவாலும் துளையை அகலமாக்கிவிடும். அங்கே மேலும் மேலும் பெரிய ஆணியைச் செலுத்தக் கூடாது. தகட்டின் ஓரமாயின், அதன்மேல் செருகும் வில்நட்டுப் போதும். நடுவிடமாயின், குருட்டு ரிவெட்டைப்போல் ஒரு பக்கத்திலிருந்தே பதிக்கும் ரிவெட் நட்டு உதவும். துளைக்குமுன் தகட்டின் பின்னால் மின்கம்பி போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய விளிம்புக்கு வண்ணம் பூசாமல் விட்டால், அடுத்த மழைக்காலத்தில் துரு அங்கிருந்தே தொடங்கும்.

இனி எங்கள் வேலைக்கு வருகிறேன். மைசூர் இர்வின் சாலைக் கடைகளில் மில்லிமீட்டர் அளவு மட்டுமே கிடைத்தது. அலுவலக நண்பர் ஒருவர் பெங்களூர் எஸ்.பி. சாலையிலிருந்து அங்குல அளவில் டிரில், டேப், சுருள், திருகி ஆகிய நான்கும் அடங்கிய பெட்டியை வாங்கிவந்தார். பழைய ஆணிகளில் ஒன்றைத் தந்தையார் கையில் கொடுத்தேன். நகத்தை மரையின் குறுக்கே ஓட்டிப் பார்த்துவிட்டு அதன் கணக்கைச் சொன்னார். அளவியை வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னதே சரியாக இருந்தது.

மரை போன இடம் எஞ்சினின் முன்முனையில், சம்புக்கு மேலே குறுக்காக அமர்ந்திருக்கும் சிறு அலுமினியக் கட்டை. எஞ்சின் உடல் வார்ப்பிரும்பு; இந்தக் கட்டை மட்டும் அலுமினியம். இவ்வகை எஞ்சின் வைத்திருப்போர் எல்லாரும் அறிந்த பலவீனம் இது. வண்டிக்கு அடியில் கிடந்தபடி மேல்நோக்கித் துளைத்தால் டிரில் கோணும். சுருள்களும் எஞ்சினுக்குள் விழும். ஆகவே கட்டையையே கழற்றி எடுத்தோம். வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி உயர்த்தி வைத்து அடியில் போகக் கூடாது. இருபுறமும் உறுதியான இரும்பு முட்டுக்கொடுத்து, பின்சக்கரங்களுக்கு அணை வைத்த பிறகே நுழைய வேண்டும்.

கட்டையை வைஸில் பிடிக்கும்போது இருபுறமும் மரச்சில்லு வைத்தோம். இல்லாவிட்டால் அலுமினியத்தில் பல் பதியும். துளையை மண்ணெண்ணெயால் கழுவினேன். பெட்டியில் குறித்திருந்த அளவு டிரில், எட்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்டது, அதனை மெதுவாக ஓட்டினேன். ஆழத்தைக் காட்ட டிரில்லின்மேல் காகித நாடா ஒட்டியிருந்தேன். தந்தையார் மூலைமட்டத்தைக் கட்டையின்மேல் நிறுத்தி, டிரில்லுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை விரல்நுனியால் தடவி, "உன் பக்கம் சாயுது" என்பார். நிமிர்த்துவேன்.

பிறகு டேப். அரைச்சுற்று முன்னே, கால்சுற்றுப் பின்னே; அப்போதுதான் சுருள் உடைந்து வெளியே வரும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெயே நல்ல வழுக்கு. ஒருமுறை நான் பின்னே திருப்ப மறந்து இரண்டு சுற்று ஓட்டிவிட்டேன். "சத்தம் மாறிடுச்சு, திருப்பு" என்றார். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. திருப்பியபோது சுருள் அடைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. இன்னும் ஒரு சுற்றுப் போயிருந்தால் டேப் முறிந்திருக்கும். முறிந்த டேப்பைத் துளையிலிருந்து எடுப்பது மரை போனதைவிடப் பெரிய துன்பம்.

துளையை மீண்டும் கழுவி உலர்த்தினேன். சுருளைத் திருகியில் மாட்டி, அழுத்தாமல் திருப்ப, அது தானாகவே இறங்கிற்று. மேல்விளிம்புக்குக் கால்சுற்று முதல் அரைச்சுற்றுக் கீழே நிறுத்த வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருந்தால் பேக்கிங் படியாது. அடியில் உள்ள சிறு கொக்கியை ஒடித்து எடுத்துவிட்டேன். பழைய ஆணியை விரலால் விட்டேன். கடைசி வரை விரலாலேயே போயிற்று. தந்தையார் தாமும் ஒருமுறை விட்டுப் பார்த்து, "ம்" என்றார். பணிமனையில் அவரிடம் வேலை பழகியவர்கள் இந்த 'ம்' என்பதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

கட்டையைத் திரும்ப மாட்டும்போது ஒரு புதுமையைக் கண்டேன். அதன் இருமுனைகளிலும் எஞ்சின் உடலுக்கும் அதற்கும் இடையே உள்ள சந்தை அடைப்பது மரத்துண்டு. இயந்திரத்துக்குள் மரமா என்று வியந்தேன். உற்பத்தி செய்தவர்கள் வைத்த முறையே அதுதான். புதிய துண்டு கிடைக்காததால், தந்தையார் பழைய கதவுச் சட்டத்துத் தேக்கில் இரண்டு சிறு ஆப்புகளைச் சீவச் சொன்னார். பசை தடவி, மெல்லத் தட்டி இறக்கி, விளிம்போடு அரிந்து சமன்செய்தேன். பிறகு சம்பை மாட்டி, எல்லா ஆணிகளையும் முதலில் விரலாலேயே ஏற்றி, பின்பு எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினேன். அலுமினியத்தில் ஆணியைக் கையின் வலிமைக்கு இறுக்கக் கூடாது. பேக்கிங் படிந்து ஆணி உறுதியாக அமர்ந்ததும் நிறுத்த வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரவு வண்டியை ஓடவைத்து, அடியில் செய்தித்தாளை விரித்துவைத்தோம். சனிக்கிழமை காலையில் தாளில் ஒரு பொட்டும் இல்லை.

ஞாயிறன்று அந்த இளைஞர் வந்தார். தந்தையார் தம் நாற்பத்தைந்து ஆண்டுக் கன்னடத்தில், நடந்தது முழுவதையும் அவரிடம் சொன்னார். என் பிழையையும் விடவில்லை. இளைஞர் வண்டியின் அடியில் விளக்கடித்துப் பார்த்தார். பேசிய விலையில் ஐயாயிரம் ரூபாய் குறைத்துக் கேட்டார். தந்தையார் ஒப்புக்கொண்டார். எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது, மறைக்கவில்லை. பிறகு தந்தையார் உள்ளே போய், ஹார்லிக்ஸ் புட்டிகளில் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த அங்குல ஆணிகள், நட்டுகள், வாஷர்கள் அனைத்தையும் எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொரு புட்டியையும் குலுக்கிப் பார்த்து, இன்னது இன்ன இடத்துக்கு என்று அந்த இளைஞரிடம் ஒப்படைத்தார். வண்டி தெருமுனை திரும்பும் வரை திண்ணையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "மூணாவது கியர்ல கொஞ்சம் சீக்கிரம் போடறான். பழகிடுவான்" என்றார். பிட்ச் கேஜை மட்டும் என்னிடம் தந்தார்.

அன்று மாலை அவரையும் என் மகளையும் அழைத்துக்கொண்டு, 1979 ஆம் ஆண்டு முதல் நம் ஊரில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனேன். தண்டவாளத்தில் ஓடும்படி மாற்றிய பழைய ஆஸ்டின் மோட்டார் வண்டி ஒன்று அங்கே நிற்கிறது. சிறு வயதில் என்னை அங்கே கூட்டிப்போய் அதன் ஆணிகளைக் காட்டியவர் அவரே. இம்முறை அவர் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என் மகளுக்கு நான் காட்டினேன்.

கார் இல்லாத அன்பர்களுக்கும் இதில் பயனுண்டு. கேள்வி கேட்ட சகோதரி, தையல் இயந்திரத்தின் ஆணியை வேறொன்றோடு மாற்றிப் போட்டாரா என்று முதலில் பார்க்க வேண்டும். தையல் இயந்திர ஆணிகளில் கடையில் கிடைக்காத தனி மரைகள் பல உண்டு. ஆகவே அதே இயந்திரத்துக்கு உரிய ஆணியையே அவர் கேட்டு வாங்க வேண்டும். கதவுக் கீல் ஆணி மரத்தில் பிடிக்காவிட்டால், துளையைச் சுத்தம் செய்து, மரப்பசை தோய்த்த தேக்கு ஆப்பை அடித்து, ஒரு நாள் உலரவிட்டு, ஆணியைவிட மெல்லிய துளையிட்டு மீண்டும் ஆணியை ஏற்றுங்கள். அவசரத்துக்குத் தீக்குச்சிகளும் பசையும் உதவும். கனமான கதவுக்கு அது நெடுநாள் தாங்காது. பிரஷர் குக்கரின் கைப்பிடி ஆணி பிடிக்காமற்போனால் எந்தச் சிகிச்சையும் வேண்டாம். புதிய கைப்பிடி வாங்குங்கள்.

எந்த ஆணியானாலும் முதல் சில சுற்றுகளை விரலால் விடுங்கள். விரலுக்கு இணங்காததை ஸ்பேனரிடம் கொடுக்காதீர்கள்.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் குடையின் கம்பி முறிந்தால் சீராக்கும் முறையை எழுதுவேன்.